விரலுக்கு வேலை போதும்... கைக்கு வேலை கொடுப்போம்!



ஆண்டு மலர் என்றால் அதில் 'இளைஞனே, எழுந்து வா!' என்று ஒரு கட்டுரை கட்டாயம் இருக்கும். பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய், குரூப் போட்டோவில் நம்ம மூஞ்சி எங்கே இருக்குன்னு தேடுவதும் வழக்கம்தான். அதனால் யாரையும் எழுந்து வரச் சொல்லிக் கூப்பிடப் போவதில்லை. எழுந்துதான் இருக்கிறோமே! ராத்திரி ஒரு மணிக்கும் நம்மில் பலபேர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு எழுந்துதான் இருக்கிறோம். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

பதில் எல்லோருக்கும் தெரியும். கட்டை விரல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஒரு டான்ஸ், ஒரு சமையல், ஒரு அடிதடி, ஒரு சாமியார், ஒரு கிரிக்கெட் சிக்ஸர், மறுபடி ஒரு டான்ஸ். காலையில் "நேத்து என்னலே பாத்தே?" என்று கேட்டால் ஒண்ணும் ஞாபகம் இல்லை. தலைவலி மட்டும் மிச்சம். நம்ம மண்டைக்காட்டு அம்மனுக்குத் தலைவலி தீர மண்டையப்பம் படைக்கிற வழக்கம் உண்டு. ரீல்ஸ் பார்த்து வருகிற தலைவலிக்கும் அதை நேர்ந்துகொண்டால், "முதல்ல அந்தப் போனைக் கீழே வைலே மக்கா" என்றுதான் அம்மனும் சொல்லுவாள்!

சிரிப்பு இருக்கட்டும். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சின்னக் கணக்கு

நாம் டிப்ளமோக்காரர்கள். நமக்குக் கணக்கில் சொன்னால்தான் ஏறும். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போனில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காலேஜ் பஸ்ஸில் கொஞ்சம், இடைவேளையில் கொஞ்சம், சாப்பிடும்போது கொஞ்சம், படுக்கையில் ஒரு பாடு என்று எல்லாவற்றையும் கூட்டினால் நாலு மணி என்பது அதிகமே இல்லை. 4 மணி நேரத்தை 365 நாளால் பெருக்கி, டிப்ளமோவின் 3 வருஷத்தால் பெருக்குங்கள். 4,380 மணி நேரம். ஒரு தொழிலாளி ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்கிறார். அந்தக் கணக்கில் வகுத்தால் 547 நாள்! அதாவது ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜான் எதற்கும் லீவு போடாமல் ஒன்றரை வருஷம் வேலை பார்த்த நேரம்.

மூன்று வருஷப் படிப்பில் ஒன்றரை வருஷ உழைப்பை, சம்பளம் இல்லாமல், பேர் தெரியாத கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். இதற்கு எந்த யூனியனும் போராடுவதில்லை.

கொக்கி எங்கே இருக்கிறது?

"உங்களுக்கு மன உறுதி இல்லை" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அது என்ஜினியரிங் சம்பந்தப்பட்டது.

அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்து நிறைய சோதனை செய்தவர். பொத்தானைக் கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு கொத்துக்கும் விழுந்தால், புறா பசி தீர்ந்ததும் போய்விடும். ஆனால் எப்போது விழும், எப்போது விழாது என்று தெரியாதபடி வைத்தால்? புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அடுத்த வீடியோ நல்லா இருக்குமோ, இருக்காதோ என்று நாம் தள்ளுகிறோமே, அதுவும் அதே கொத்துதான்.

பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டே இருக்கிற ஏற்பாட்டை 2006-ல் வடிவமைத்தவர் அசா ராஸ்கின் என்ற இளைஞர். பிற்காலத்தில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். 'நெட்ஃபிளிக்ஸ்' தலைவராக இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017-ல் ஒளிவு மறைவு இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொன்னார்: எங்களுடைய போட்டியாளர் மனிதர்களின் தூக்கம்தான் என்று! கடையில் தராசை அழுத்திப் பிடிக்கிறவன்கூட அதை நம்மிடம் சொல்லமாட்டான். இவர்கள் சொல்லியே செய்கிறார்கள்.

"டி.வி. வந்தப்பவும் இப்படித்தான் பயமுறுத்துனாங்க" என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். சரிதான். ஆனால் அந்தக் காலத் தூர்தர்ஷன், ராத்திரி நிகழ்ச்சி முடிந்ததும் கடையை மூடிவிடும். பிறகு வெள்ளைப் புள்ளிகள்தான். வீட்டுக்காரர்கள் எழுந்து பாயை விரிப்பார்கள். நம்ம கையில் இருப்பது மூடவே மூடாத கடை. அதை மூடும் பொறுப்பைக் கம்பெனிக்காரன் எடுக்கமாட்டான். நாம்தான் எடுக்கவேண்டும்.

கை மறந்தால் டிப்ளமோ எதற்கு?

நம்ம படிப்பு கையை நம்பி இருக்கிற படிப்பு. முதல் வருஷம் ஃபிட்டிங் ஷாப்பில் அரம் பிடித்து ராவினோமே, ஞாபகம் இருக்கிறதா? சதுரம் சரியாக வந்ததா என்று ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்போம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். அந்த அரத்தை எவ்வளவு அழுத்தவேண்டும் என்பதை எந்த வீடியோவும் நம் தோளுக்குச் சொல்லித் தராது. வெல்டிங்கில் ஆர்க் சரியாகப் பிடித்தால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சீரான சத்தம் வரும். ராடு ஒட்டிக்கொண்டால் வேறு சத்தம். அதைக் காதுதான் பழகவேண்டும்.

வீடியோ பார்ப்பது தப்பில்லை. சி.என்.சி. புரோகிராம், ஆட்டோகேட், பி.எல்.சி. என்று நம்ம ஒர்க்‌ஷாப்பில் கிடைக்காத எத்தனையோ விஷயங்கள் போனில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பார்த்ததும் 'தெரிஞ்சு போச்சு' என்று ஒரு நினைப்பு வருகிறதே, அதுதான் ஆபத்து. மோட்டார் வைண்டிங் வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தவனைவிட, வீட்டில் எரிந்துபோன ஒரு மிக்சி மோட்டாரைக் கழற்றி ஒரு தடவை சுற்றுகளை எண்ணிப் பார்த்தவனுக்கு அதிகம் தெரியும். இன்டர்வியூவில் நம்மிடம் கேட்கப் போவது "என்ன பார்த்தீர்கள்?" என்று இல்லை. "என்ன செய்திருக்கிறீர்கள்?" என்றுதான்.

ஒரே பெஞ்ச், மூன்று குரூப்

இதுவரை சொன்னது எந்த ஊர் மாணவருக்கும் பொருந்தும். மண்டைக்காட்டில் இருக்கிற நமக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதுதான் முக்கியமானது.

நம்ம வகுப்பில் ஒரு பெஞ்சில் மூன்று பேர் உட்காருகிறோம். ஒருத்தன் கடப்புறத்துக்காரன், அப்பா கடலுக்குப் போகிறவர். ஒருத்தன் வயற்கரையிலிருந்து வருகிறவன். இன்னொருத்தன் குளச்சல் டவுன். ஒருத்தன் கோயிலுக்கு, ஒருத்தன் சர்ச்சுக்கு, ஒருத்தன் பள்ளிவாசலுக்கு. மூன்று பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைக்கிறவர்கள்தான். ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போனதும் மூன்று பேரும் மூன்று வெவ்வேறு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறார்கள். ஒன்றில் வருகிற செய்தி மற்றதில் வராது. ஒவ்வொன்றிலும் 'அவங்க நமக்கு என்ன செய்யப் பாக்குறாங்கன்னு தெரியுமா?' என்று யாரோ முகம் தெரியாத ஆள் ஒரு வீடியோவைத் தள்ளிவிடுகிறான். அனுப்பியவன் ஊர் தெரியாது, பேர் தெரியாது. நாமும் 'உண்மையா பொய்யான்னு தெரியல, வந்ததை அனுப்புறேன்' என்று இன்னும் பத்துப் பேருக்குத் தள்ளுகிறோம்.

இந்த ஊரில் அதைச் செய்யலாமா, தோழர்களே?

1982 மார்ச்சில், மாசிக் கொடை நடந்த நாட்களில், இதே மண்டைக்காட்டில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போயின. கரையோர ஊர்களிலும் உள்ளூர்களிலும் வீடுகள் பற்றி எரிந்தன. நீதிபதி பி. வேணுகோபால் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. நாம் யாரும் அப்போது பிறக்கவில்லை. ஆனால் நம் தாத்தா பாட்டிமார் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு செல்போன் இல்லை. வதந்தி வாய்வழியாக, நடந்தும் சைக்கிளிலும் போனது. அப்படிப் போயே அவ்வளவு நடந்தது என்றால், ஒரு விரல் தட்டலில் ஆயிரம் வீட்டுக்குப் போகிற இந்தக் காலத்தில் நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

அன்றைக்கு நெருப்பை அணைக்க வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் நினைக்கவேண்டும். குன்றக்குடி அடிகளார் இந்த மண்ணுக்கு நேரில் வந்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர், இரு தரப்பு மக்களையும் நேருக்கு நேர் சந்தித்து அமைதி பேசினார். அறிக்கை விட்டுவிட்டு மடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பேசினால் ஆறுகிற புண் சில உண்டு. தூரத்தில் இருந்துகொண்டு அதை ஆற்ற முடியாது.

'அதெல்லாம் பழைய கதை' என்று சொல்லாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நடந்தது பழைய கதையா? சென்னையிலிருந்து குலதெய்வக் கோயில் தேடிக் காரில் போன குடும்பம் அது. வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் ஒரு வயதான அம்மா. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அந்த வட்டாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம். கூட்டம் சேர்ந்து அடித்ததில் அந்த அம்மா செத்தே போனார். அதே வருஷம் நாட்டில் பல இடங்களில் இப்படி நடந்த பிறகுதான், ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்பமுடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கோயில் தேடி வந்த வெளியூர்க்காரர்கள்! மாசி மாசம் நம்ம ஊருக்கு வருகிறவர்கள் யார்? கேரளத்திலிருந்தும், தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் இருமுடி கட்டி வருகிற அம்மாக்கள், அக்காக்கள், பாட்டிகள். பெண்களின் சபரிமலை என்று நம்பி வருகிறார்கள். அவர்களுக்கு நம்ம ஊர்ப் பாதுகாப்பு என்பது போலீஸ் மட்டும் இல்லை. "அவுங்க வீட்டுல நான் சாப்பிட்டிருக்கேன், அவுங்க அப்படிச் செய்ய மாட்டாங்க" என்று சொல்லக்கூடிய நாலு பேர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டுக்கு ஒரு நாளாவது போயிருக்க வேண்டும். லைக் போட்டவனால் அதைச் சொல்லமுடியாது.

போனைக் குறை, வெளியே வா என்று சொல்வதன் பொருள் இதுதான். அந்த மூன்று பேரும் ராத்திரியில் மூன்று குரூப்பில் இருப்பதற்கு முன்னால், சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

வெளியே என்ன இருக்கு?

"வெளியே வந்து என்ன செய்ய? ஒண்ணும் இல்லையே" என்பார்கள் சிலர். எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதம். எழுதப் படிக்கத் தெரிந்த மாவட்டத்தில் நூலக நாற்காலிகள் காலியாகக் கிடக்கலாமா? செய்தித்தாளை முழுதாக விரித்து வைத்துப் படித்தால், நமக்குப் பிடிக்காத செய்தியும் கண்ணில் படும். போனில் நமக்குப் பிடித்தது மட்டும்தான் திரும்பத் திரும்ப வரும்.

கடற்கரையில் கால்பந்து இருக்கிறது. தூத்தூர் பக்கம் இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். போட்டிகளில் ஜாம்ஷெட்பூர் அணிக்கும் ஏ.டி.கே. அணிக்கும் ஆடியவர். நம்ம கரையில் பந்தோடு ஓடிய கால் அது. நாம் என்னவென்றால் நல்ல மணலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செல்போனில் கால்பந்து 'கேம்' விளையாடுகிறோம்!

நாஞ்சில் நாட்டுக்கே சொந்தமான வில்லுப்பாட்டு இருக்கிறது. கம்பைத் தட்டிக்கொண்டு வட்டமாக ஆடுகிற களியல் ஆட்டம் இருக்கிறது. சிலம்பமும் அடிமுறையும் தெரிந்த ஆசான்மார் இன்னும் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் வெளிநாட்டுக்காரன் வந்து படம் எடுத்துப் போட்ட பிறகு, அதை நாம் 'ஷேர்' பண்ணுவது கொஞ்சம்கூட அழகில்லை.

கொடையின் கடைசி நாள் நள்ளிரவில் நடக்கிற ஒடுக்கு பூசையைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நீள வெள்ளைத் துணியால் மூடி, உணவுப் பானைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். ஆயிரக்கணக்கான ஜனம் கூடி நின்றும் சத்தம் இருக்காது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவருக்காக வாயை மூடி நிற்கிறார்கள். எந்த மதத்துக்காரராக இருந்தாலும், இவ்வளவு பேர் சேர்ந்து அமைதியாக இருக்க முடியும் என்பதை நேரில் நின்று உணர்ந்து பார்க்கவேண்டும். அதைப் படம் பிடித்தால் இருட்டும் துணியும்தான் விழும்.

சில நியாயமான கேள்விகள்

எதிர்த் தரப்பையும் கேட்கவேண்டும். நம்மில் எத்தனையோ பேருடைய அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ சவுதியிலோ இருக்கிறார். வீடியோ காலில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் வளர்ந்தோம். அந்தப் போனைக் குறை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2020-ல் கொரோனா வந்தபோது பாடமே போனில்தான் நடந்தது. வேலைக்கான அறிவிப்பும் பரீட்சை முடிவும் அதில்தான் வருகிறது. எனவே போனைக் கடலில் வீசு என்பது பேச்சில்லை. அதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கையில் எடுக்கும்போது எதற்கு எடுத்தோம் என்று தெரிகிறதா? அந்த வேலை முடிந்ததும் கீழே வைத்தோமா? இரண்டுக்கும் 'ஆமா' என்றால் நாம் போனைப் பயன்படுத்துகிறோம். இல்லையென்றால் போன் நம்மைப் பயன்படுத்துகிறது.

"சமூக ஊடகம் இருப்பதால்தானே அநியாயத்தை எதிர்க்க முடிகிறது?" என்றும் கேட்பார்கள். ஒக்கி புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 29 இரவு தொடங்கி நம்ம கடலைக் கலக்கிப் போட்டது. ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. அப்போது நாம் சின்னப் பிள்ளைகள். போனில் படங்களும் செய்திகளும் பரவியது உதவிதான். ஆனால் டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கான பேர், பெண்களும் குழந்தைகளுமாக, தண்டவாளத்தில் போய் உட்கார்ந்தார்களே... நாடு திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி குளச்சலையும் கொட்டில்பாட்டையும் வாரிக்கொண்டு போனபோது, உள்ளூர்க்காரர்கள் மத வித்தியாசம் பார்க்காமல் சோறு பொங்கிக் கொண்டு ஓடியதை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1982-க்குப் பிறகு இருபத்திரண்டே வருஷத்தில்! அன்றைக்கு யாரிடமும் 'ஸ்டேட்டஸ்' போட வசதி இல்லை. காலும் கையும்தான் இருந்தன.

தோழியர் தரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். 'வெளியே போய் விளையாடு' என்பது பையன்களுக்குச் சொல்ல எளிது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வெளியே நிற்கும் பெண்ணை நம்ம ஊர் எப்படிப் பார்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கிரவுண்டும் பையன்களுக்கு, சாயாக்கடை பெஞ்சும் பையன்களுக்கு. அப்படியானால் போனைத் தவிர அவர்களுக்கு வேறு எந்த ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறோம்? அதையும் மூடு என்று உபதேசம் செய்வது நியாயமே இல்லை. முதலில் வேறு கதவைத் திறக்க வேண்டும். கீழே வரும் கோரிக்கைகளில் அதற்கும் இடம் உண்டு.

சட்டம் வருமா, சங்கு ஊதுமா?

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தால் கடன்பட்டு உயிரை விட்டவர்கள் நம் மாநிலத்தில் உண்டு. 2022-ல் தமிழ்நாடு சட்டமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை போட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சமூக ஊடகக் கணக்கே கிடையாது. நல்லதுதான். ஆனால் நமக்கு வயசு அதைத் தாண்டிவிட்டது. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடுகிறவனுக்கு அரசாங்கம் வந்து போனைப் பிடுங்கி வைக்காது.

மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் வட்காம் என்ற கிராமம் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்கள் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். சாயங்காலம் ஏழு மணிக்குக் கோயிலில் சைரன் ஒலிக்கும். அடுத்த ஒன்றரை மணி நேரம் ஊரில் டி.வி.யும் கிடையாது, செல்போனும் கிடையாது. பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அபராதம், போலீஸ் எதுவும் இல்லாமல் ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒருத்தன் மட்டும் போனை அணைத்தால் அவன் தனியாகிவிடுவான். எல்லோரும் சேர்ந்து அணைத்தால் பேச்சுத்துணை கிடைத்துவிடும். அதனால்தான் இதைத் தனி மனித ஒழுக்கம் என்று விட்டுவிடாமல் மாணவர் பேரவையின் வேலையாகப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

பேரவைக்குச் சில கோரிக்கைகள்

1. வாரத்தில் மூன்று நாள், வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், 'போன் பைக்குள்ளே' நேரம் என்று அறிவிப்போம். வாலிபால், கபடி, கேரம், வில்லுப்பாட்டுப் பயிற்சி, எது வேண்டுமானாலும் நடக்கட்டும். துறை வாரியாக அணி பிரிக்காமல், ஊர் கலந்து அணி பிரிக்கவேண்டும். கடப்புறத்துக்காரனும் வயற்கரைக்காரனும் ஒரே அணியில் ஆடட்டும்.

2. அந்த ஒரு மணி நேரத்தில் கிரவுண்டில் பாதி தோழியருக்கு. இது சலுகை இல்லை, உரிமை. அவர்கள் வீட்டுக்குப் போகும் பஸ் நேரத்தைப் பார்த்துத்தான் இந்த நேரத்தையே முடிவு செய்யவேண்டும்.

3. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'ரிப்பேர் நாள்'. ஒரு மாதம் கடற்கரை ஊர், அடுத்த மாதம் உள்ளூர். மின்னியல் துறை ஃபேன், மிக்சி, தையல் மெஷின் மோட்டார் பார்க்கட்டும். இயந்திரவியல் துறை சைக்கிள், பம்ப், தண்ணீர்க் குழாய் பார்க்கட்டும். கட்டடவியல் துறை ஊர்க் குளத்தை அளந்து வரைபடம் போட்டுப் பஞ்சாயத்துக்குக் கொடுக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இதைச் சேர்க்க முடியும். பாட்டி ஒருத்திக்கு நின்றுபோன ஃபேன் ஓடினால் அந்த வீட்டில் நமக்கு ஒரு சாயா நிச்சயம். அந்தச் சாயாதான் நான் மேலே சொன்ன பாதுகாப்பு.

4. மாசிக் கொடையின்போது தொண்டர் படை. தண்ணீர் கொடுக்க, வழி காட்ட, காணாமல் போன குழந்தையைச் சேர்க்க. எல்லா மதத்து மாணவர்களும் சேர்ந்து நிற்போம். அதே படை கடற்கரை ஊர்த் திருவிழாவுக்கும் போகவேண்டும்.

5. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு ஒரே ஒரு விதி: யார் எழுதியது என்று தெரியாத செய்தியைப் போடக்கூடாது. மதம், சாதி பற்றி ஏதாவது வந்தால் அனுப்பும் முன்னால் அந்த ஊர்க்கார நண்பனுக்குப் போன் போட்டு, "லேய், உங்க ஊருல இப்படி நடந்துச்சா?" என்று கேட்கவேண்டும். அதற்கும் போன்தான் உதவும். அதைத்தான் நல்ல உபயோகம் என்கிறேன்.

இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. பிரின்சிபால் சாரின் அனுமதியும், ஒரு வாலிபால் வலையும், ஒரு டூல் பாக்ஸும் போதும்.

தோழர்களே, தோழியரே! மூன்று வருஷம் பைய ஓடிப் போய்விடும். அதற்குப் பிறகு சிலர் சென்னைக்கும் ஓசூருக்கும், சிலர் கல்ஃபுக்கும் போய்விடுவோம். அப்போது மண்டைக்காட்டை நாம் போனில்தான் பார்க்கவேண்டி இருக்கும், வேறு வழி இருக்காது. இப்போது ஊரே நம் கண் முன்னால் இருக்கிறது. பக்கத்து பெஞ்ச்காரனின் வீடு மூன்று கிலோமீட்டர் தூரம்தான்.

இந்த மலரை மூடி வைத்துவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் இருந்தால் சாப்பிட்டு வாருங்கள். படம் எடுத்துப் போடவேண்டாம்!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை